காப்பும் உரிமையும்: உதுமானியப் பேரரசில் ஆர்மீனியர்

முன்னுரை

ஒரு பேரரசின் கீழ்ப் பல நூற்றாண்டுகள் வாழ்ந்த ஒரு மக்களினம், ஒரு தலைமுறைக் காலத்திற்குள் தன் தாயகத்தினின்றும் வேரொடு களையப்பட்டமைக்கு உதுமானியப் பேரரசில் ஆர்மீனியர் உற்ற அழிவு தலையாய எடுத்துக்காட்டாகும். 1915-ஆம் ஆண்டின் கொடுமைகளை விரித்துரைக்கும் நூல்கள் பல உள. அக்கொடுமைகள் நிகழ்தற்கு வழி யாங்ஙனம் அமைந்தது என்பதே ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

இவ்வினாவிற்கு விடையாக இரண்டு கருத்துகள் பொதுவாகக் கூறப்படுகின்றன. தொன்றுதொட்டு வந்த மதப் பகையே காரணம் என்பது ஒன்று. ஆர்மீனியர் கிளர்ச்சி செய்தனர். போர்க்காலத்தில் அரசு தன்னைக் காத்துக்கொண்டது என்பது மற்றொன்று. முன்னதைக் கொண்டால், அப்பகை நானூறு ஆண்டுகள் பேரழிவாக வெடிக்காமை ஏன் என்பது விளங்கவில்லை. பின்னதைக் கொண்டால், போர்முனைக்கு நெடுந்தொலைவில் இருந்த ஊர்களின் முதியோரும் மகளிரும் குழந்தைகளும் பாலைநிலத்திற்கு ஓட்டப்பட்டமை ஏன் என்பது விளங்கவில்லை.

காப்பு வேறு, உரிமை வேறு. காப்பு ஆள்வோனின் அருளைச் சார்ந்து நிற்பது. உரிமை வழக்குமன்றத்திற் கேட்டுப் பெறத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆர்மீனியர் பழைய காப்பினை இழந்தனர். புதிய உரிமையினை ஏட்டளவிலேயே பெற்றனர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியிலேதான் அவர்தம் அழிவு உருவாயிற்று என்பது எம் கருத்து. இதனைக் காலமுறைப்படி நிறுவ முயல்வாம்.

நம்பிக்கைக்குரிய குடி

ஆர்மீனியர், அராரத்து மலையைச் சூழ்ந்த மேட்டுநிலத்தின் தொல்குடியினர். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவர்தம் அரசன் கிறித்துவ சமயத்தைத் தழுவினான். ஐந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மெசுரோப்பு மாசுட்டோத்சு என்னும் துறவி அவர்தம் மொழிக்கெனத் தனி எழுத்து முறையை வகுத்தார். மொழியும் எழுத்தும் திருச்சபையும் ஆகிய மூன்றுமே அரசிழந்த காலத்தும் அவ்வினத்தைச் சிதையாமற் காத்தன. 1375-இல் சிலீசியாவில் இருந்த அவர்தம் இறுதி அரசும் வீழ்ந்தது. அதன்பின் அவர்தம் தாயகம் உதுமானியருக்கும் பாரசீகருக்கும் இடையே போர்க்களமாயிற்று. 1639-இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி அதன் பெரும்பகுதி உதுமானியர் ஆட்சியில் நிலைத்தது.

உதுமானிய அரசு இசுலாமியச் சட்ட முறையைத் தழுவியது. அதன்படி, கிறித்துவரும் யூதரும் 'திம்மி' எனப்படும் காப்புக்குரிய குடிகள் ஆவர். அவர்தம் உயிரும் உடைமையும் வழிபாடும் காக்கப்படும். அதற்கு ஈடாக அவர்கள் 'சிசியா' என்னும் தலைவரி செலுத்தல் வேண்டும், படைக்கலம் தாங்கலாகாது, சமய நீதிமன்றத்தில் ஓர் இசுலாமியனுக்கு எதிராக அவர்தம் சான்று செல்லாது. சமயந்தோறும் குடிகளைப் பிரித்து, அவ்வச்சமயத் தலைவரைக் கொண்டே அவர்களை ஆளும் முறை 'மில்லத்து' எனப்பட்டது. ஆர்மீனியர்க்குத் தலைவராக இருந்தவர், கான்சுடாண்டிநோபிளில் வீற்றிருந்த 'பேட்ரியார்க்கு' எனப்படும் தலைமைப் பேராயர். அவ்விருக்கை 1461-இல் இரண்டாம் முகம்மதுவால் நிறுவப்பட்டது என்பது மரபு. அதன் அதிகாரம் பேரரசு முழுவதும் பரவியது படிப்படியாகவே என்பது வரலாற்றறிஞர் துணிபு.

இம்முறையை இற்றை நாளைய அளவுகோல் கொண்டு அளத்தல் பொருந்தாது. அக்காலத்து ஐரோப்பிய அரசுகள் பலவற்றில் வேற்றுச் சமயத்தார்க்குக் கிட்டாத அமைதி இதன்கண் கிட்டியது. ஆயினும் அவ்வமைதி தாழ்நிலையை ஏற்றுக்கொள்வதன் விலையாகவே கிடைத்தது என்பதை மறத்தலாகாது.

தலைநகரத்து ஆர்மீனியருட் சிலர் மிக உயர்ந்த நிலை எய்தினர். 'அமிரா' எனப்பட்ட செல்வர் குழுவினர் அரசுக்குக் கடன் கொடுத்தனர். தூசியன் குடும்பத்தார் நாணயச் சாலையையும், தாதியன் குடும்பத்தார் வெடிமருந்துச் சாலையையும் நடத்தினர். பாசுபரசுக் கரையில் விளங்கும் தோல்மாபாக்சே அரண்மனையை எழுப்பியோர் பால்யன் குடும்பத்துச் சிற்பியர். 1821-இல் கிரேக்கர் கிளர்ந்தெழுந்த பின்னர், ஆர்மீனியர்க்கு 'மில்லத்தி சாதிக்கா', அஃதாவது நம்பிக்கைக்குரிய குடி, என்னும் பெயர் வழங்கலாயிற்று. இப்பெயரை நாம் உற்று நோக்குதல் வேண்டும். இஃது ஆள்வோன் வழங்கும் பாராட்டு. வழங்கிய கையே அதனைத் திரும்பப் பெறவும் கூடும்.

சிற்றூர் வாழ்வு

தலைநகரத்துச் செல்வரைக் கொண்டு ஆர்மீனியர் அனைவரையும் மதிப்பிடுதல் பிழை. அவ்வினத்தாருட் பெரும்பாலோர் கிழக்கு மாநிலங்களில் நிலத்தை உழுது வாழ்ந்த குடியானவர். எர்சுரும், வான், பிட்லிசு, தியார்பக்கிர், கார்ப்புத்து, சிவாசு ஆகிய ஆறு மாநிலங்களில் அவர்கள் துருக்கியரோடும் குர்தியரோடும் கலந்து வாழ்ந்தனர்.

அரசுக்குரிய விளைவரியைத் தண்டும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகைக்காரன் தான் கட்டிய தொகையினும் மிகுதியாகத் தண்டுவதே வழக்கம். அரசின் வரியோடு குர்தியத் தலைவர்க்குக் காவற்கூலி ஒன்றும் செலுத்த வேண்டியிருந்தது. இவற்றினும் கொடியது 'கிசுலாக்கு' என்னும் வழக்கம். மலைவாழ் குர்தியர் குளிர்காலத்தில் தம் ஆடுமாடுகளுடன் ஆர்மீனியச் சிற்றூர்களில் வந்து தங்குவர். அவர்க்கு உறையுளும், அவர்தம் கால்நடைக்குத் தீவனமும் வீட்டுக்குடையோனே அளித்தல் வேண்டும். அவன் முறையிட்டால் அவன் சான்று செல்லாது. எதிர்த்தால் அவன் கையிற் படைக்கலம் இல்லை.

1858-இல் வெளிவந்த நிலச் சட்டம், நிலத்தைப் பெயர்ப்பதிவு செய்யும் முறையைக் கொணர்ந்தது. எழுத்தறிவும் செல்வாக்கும் உடையோர் தம் பெயரில் நிலங்களைப் பதிவு செய்துகொள்ள இஃது இடந்தந்தது. பல தலைமுறைகளாக உழுத நிலத்திலேயே குத்தகையாளனாக நிற்கும் நிலை குடியானவர் பலர்க்கு நேர்ந்தது. ஆர்மீனியர் சிக்கல் எனப் பிற்காலத்தில் வழங்கியதன் அடித்தளம் பெரும்பாலும் நிலச் சிக்கலே என்பதனை ஈண்டுக் குறித்துக்கொள்க.

ஏட்டில் எழுதிய சமன்மை

1839-இல் கூல்கானே ஆணையும் 1856-இல் சீர்திருத்த ஆணையும் வெளிவந்தன. சமயவேறுபாடின்றிக் குடிகள் அனைவரும் சமம் என்பது அவற்றின் சாரம். தலைவரி நீக்கப்பட்டது. ஆயின் அதன் இடத்தில் படைத்தொண்டிற்கு ஈடான வரி வந்து சேர்ந்தது. பெயர் மாறியதே அன்றிச் செலுத்துவோர் மாறிலர்.

இச்சமன்மை இருவகையான விளைவுகளைத் தந்தது. தம் மேனிலையை இயல்பான ஒழுங்கெனக் கொண்டிருந்த பெரும்பான்மையோர் இதனை அயல்நாட்டார் தம்மீது திணித்த இழிவாகக் கருதினர். சிறுபான்மையோர் இதனைத் தமக்குரிய பேறெனக் கொண்டு அதன் நிறைவேற்றத்தை எதிர்நோக்கினர். அதனை நிறைவேற்றத்தக்க நீதிமன்றமும் காவலும் கிழக்கு மாநிலங்களில் அமையவில்லை. பழைய ஒப்பந்தம் குலைந்தது, புதியது வேரூன்றவில்லை.

1863-இல் ஆர்மீனிய மில்லத்துக்கென ஓர் அமைப்புச் சட்டம் அரசால் ஏற்கப்பட்டது. அதன்படி 140 உறுப்பினர் கொண்ட பேரவை ஒன்று தோன்றியது. அவருள் 80 பேர் தலைநகரத்தினர். 20 பேர் குருமார். மாநிலங்கள் அனைத்திற்கும் 40 இடங்களே. மக்களிற் பெரும்பாலோர் வாழ்ந்த நிலப்பகுதிக்கு மூன்றில் ஒரு பங்கினும் குறைந்த இடமே கிடைத்தமை நோக்கத்தக்கது.

சட்டத்தால் ஆளப்படுதல் வேண்டும் என்னும் வேட்கை ஆர்மீனியரிடையே இதற்கு முன்பே தோன்றிவிட்டது. அதன் தொடக்கங்களுள் ஒன்று நம் சென்னை நகரிலே நிகழ்ந்தது. 1604-1605-இல் பாரசீக மன்னன் ஷா அப்பாசு, ஆர்மீனியாவின் சுல்பா நகரத்தாரை வலிந்து பெயர்த்து இசுபகான் அருகே குடியேற்றினான். அவர் வழிவந்த வணிகர் சிலர் பிற்காலத்தில் சென்னையில் நிலைத்தனர். அவருள் ஒருவரான சகாமீர் சகாமிரியன் 1770-களின் தொடக்கத்தில் இங்கு ஓர் அச்சகம் நிறுவினார். விடுதலை பெற்ற ஆர்மீனியா ஒன்றிற்கு அரசியலமைப்பு வரையும் நூலொன்று அவ்வச்சகத்தினின்று வெளிப்பட்டது. அந்நூலின் முகப்பில் 1773 என்னும் ஆண்டு காணப்படினும், அச்சேறியது 1780-களின் பிற்பகுதியிலேயே என அறிஞர் பலர் கருதுவர். அரசனும் சட்டத்திற்குக் கட்டுப்பட்டவன் என்பது அதன் உயிர்நிலைக் கருத்து. ஆர்மீனிய மொழியின் முதல் இதழாகிய 'அசுதாரார்' வெளிவந்ததும் சென்னையிலேதான். 1794 முதல் 1796 வரை அருத்தியூன் சமாவோனியன் என்னும் குரு அதனை நடத்தினார். தாயகத்திற் சொல்ல இயலாத கருத்தைத் தொலைநாட்டில் அச்சிட்ட அவ்வணிகர், அருளை நம்பி வாழ்தலின் நிலையாமையை இடப்பெயர்ச்சியால் அறிந்தவர்கள்.

சட்டத்தின் மீது கொண்ட அதே நம்பிக்கையோடுதான் பேராயர் கிரிமியன் செயற்பட்டார். வான் நகரிற் பிறந்த அவர் 1869 முதல் 1873 வரை தலைமைப் பேராயராக இருந்தார். மாநிலத்து மக்கள் உற்ற வரிக்கொடுமைகளையும் நிலப்பறிப்புகளையும் தொகுத்து, 1872-இல் அரசிடம் அறிக்கை அளிக்கச் செய்தார். அரசு நடவடிக்கை எடுக்கவில்லை. பேரரசின் உள்ளே நீதி கேட்டுப் பெற இயலாது என்னும் எண்ணம் ஆர்மீனியரிடையே வலுப்பெற்றதற்கு இந்நிகழ்ச்சி ஒரு திருப்புமுனை எனலாம்.

பெர்லின் உடன்படிக்கை

1877-1878-இல் உருசியருக்கும் உதுமானியருக்கும் நிகழ்ந்த போரில் உதுமானியர் தோற்றனர். 1878 மார்ச்சில் சான் தெபானோவில் எழுதப்பட்ட உடன்படிக்கையின் 16-ஆம் விதி, ஆர்மீனியர் வாழும் மாநிலங்களிற் சீர்திருத்தம் செய்தலை உருசியப் படை அங்கிருந்து வெளியேறுவதோடு இணைத்தது. பிரித்தானியா இதனை விரும்பவில்லை. அவ்வாண்டு சூலையில் எழுந்த பெர்லின் உடன்படிக்கையின் 61-ஆம் விதியில் சீர்திருத்தம் இருந்தது, படை இல்லை. நிறைவேற்றத்தை வல்லரசுகள் அனைத்தும் மேற்பார்வையிடும் என எழுதப்பட்டது. அனைவரும் பொறுப்பு என்பதன் பொருள் ஒருவரும் பொறுப்பன்று என்பதாக முடிந்தது.

பெர்லினுக்குச் சென்ற ஆர்மீனியக் குழுவின் தலைவர் கிரிமியனே. அவர் திரும்பி வந்து ஆற்றிய அருளுரை ஆர்மீனியர் நினைவில் இன்றும் நிற்பது. பெருங்கொப்பரையில் இருந்த உணவைப் பல்கேரியரும் செர்பியரும் பிறரும் இரும்புக் கரண்டியால் முகந்து சென்றனர் என்றும், தம் கையில் இருந்த கரண்டியோ தாளாலானது, ஆதலின் நனைந்து கரைந்துவிட்டது என்றும் அவர் உவமை கூறினார் என்பர். விண்ணப்பத் தாளின் வரம்பினை இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது.

61-ஆம் விதி ஆர்மீனியர்க்குக் காவலன்று, கேடாயிற்று என்பதே வரலாறு உணர்த்தும் உண்மை. பால்கன் நாடுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து செல்வதைக் கண்ட சுல்தான் இரண்டாம் அப்துல் அமீது, சீர்திருத்தம் என்னும் சொல்லிற் பிரிவினையின் தொடக்கத்தைக் கண்டார். முதல் அரசியலமைப்பையும் பாராளுமன்றத்தையும் அவர் 1878-இல் முடக்கினார். 1891-இல் குர்தியக் குலங்களைக் கொண்டு 'அமீதியே' என்னும் குதிரைப்படைகள் அமைக்கப்பட்டன. சுல்தானின் பெயரைத் தாங்கிய அப்படையினர்மீது மாநில நீதிமன்றங்கள் கைவைக்க இயலவில்லை. முன்னர்ச் சட்டத்திற்குப் புறம்பாகக் கொள்ளையடித்தோர், இப்போது அரசின் சீருடையில் அதனைச் செய்தனர்.

இதே காலத்தில் ஆர்மீனிய இளைஞரிடையே புரட்சிக் கட்சிகள் தோன்றின. 1885-இல் வான் நகரில் ஆர்மெனக்கான், 1887-இல் செனீவாவில் குஞ்சாக்கு, 1890-இல் திபிலிசில் தாசுனாக்கு ஆகியவை எழுந்தன. இவற்றின் செயல்கள் சில ஐரோப்பாவின் தலையீட்டை வருவிக்கும் நோக்குடையன என்பதை மறுத்தற்கில்லை. ஆயின் கட்சிகள் தோன்றுமுன்பே 1872-ஆம் ஆண்டறிக்கையும் 61-ஆம் விதியும் தோன்றின என்பதை நோக்க, கிளர்ச்சியே கொடுமைக்குக் காரணம் என்னும் கூற்று காலமுறைக்கு மாறானது என்பது தெளிவாகும்.

1894 முதல் 1896 வரை

சாசூன் மலைநாட்டு ஆர்மீனியர், அரசுக்கும் குர்தியத் தலைவர்க்கும் இருமுறை வரி செலுத்த மறுத்தனர். 1894-இல் படை சென்று அவ்வூர்களை அழித்தது. பிரித்தானியாவும் பிரான்சும் உருசியாவும் 1895 மே மாதத்தில் சீர்திருத்தத் திட்டம் ஒன்றை வகுத்து அளித்தன. சுல்தான் பல திங்கள் தாழ்த்து அக்டோபரில் அதற்கு இசைந்தார்.

அவ்விசைவு வெளிவந்த அதே இலையுதிர் காலத்திலேதான் கொலைகள் பரவின. திரபிசோந்து, எர்சுரும், பிட்லிசு, தியார்பக்கிர், கார்ப்புத்து, சிவாசு என நகர் நகராக அவை நிகழ்ந்தன. பல ஊர்களில் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்த பின்னர்த் தொடங்கி, குறித்த காலத்தில் நின்றன என அயல்நாட்டுத் துணைத்தூதர்தம் அறிக்கைகள் குறிக்கின்றன. கடைகள் சூறையாடப்பட்டன, ஆடவர் கொல்லப்பட்டனர், எஞ்சியோருட் பலர் மதம் மாறுமாறு வற்புறுத்தப்பட்டனர். 1895 திசம்பர் இறுதியில் உர்பா நகரத்துத் தலைமைக் கோயிலிற் புகலடைந்தோர் ஏறத்தாழ 3,000 பேர் கோயிலோடு எரிக்கப்பட்டனர். 1896 ஆகசுடில் தாசுனாக்குக் கட்சியினர் சிலர் தலைநகரில் உதுமானிய வங்கியைக் கைப்பற்றினர். அவர்கள் பாதுகாப்பாக வெளிநாடு அனுப்பப்பட்டனர். அச்செயலிற் பங்கு கொள்ளாத நகரத்து ஏழை ஆர்மீனியர் ஆயிரக்கணக்கில் தெருக்களில் அடித்துக் கொல்லப்பட்டனர்.

இம்மூன்றாண்டுகளில் இறந்தோர் தொகையை ஒரு நூறாயிரம் முதல் மூன்று நூறாயிரம் வரை பலவாறாகக் கணிப்பர். சீர்திருத்தம் இசையப்பட்ட மாநிலங்களே கொலைகள் மிகுந்த மாநிலங்களாக இருந்தமை நம் கருத்திற்கு வலுவளிக்கும் சான்றாகும். சமன்மை கேட்டதற்கு விதிக்கப்பட்ட தண்டனையாகவே அவை அமைந்தன.

நம்பிக்கையும் அதன் முறிவும்

1908 சூலையில் இளந்துருக்கியர் புரட்சி அரசியலமைப்பை மீட்டது. தெருக்களில் இமாம்களும் குருமார்களும் தழுவிக்கொண்டனர். ஆர்மீனியர் பாராளுமன்றத்தில் அமர்ந்தனர். பறிக்கப்பட்ட நிலங்களை மீட்டுத் தருதல் குறித்துத் தாசுனாக்குக் கட்சி புதிய ஆட்சியாளரோடு பேச்சு நடத்தியது. ஓராண்டு நிறைவதற்குள், 1909 ஏப்பிரலில், அதனா வட்டாரத்தில் ஏறத்தாழ 20,000 ஆர்மீனியர் கொல்லப்பட்டனர். விசாரணையின் முடிவில் தூக்கிலிடப்பட்டோருள் ஆர்மீனியரும் சிலர் இருந்தனர்.

1912-1913-இல் நிகழ்ந்த பால்கன் போர்களில் பேரரசு ஐரோப்பாவில் இருந்த நிலப்பரப்பிற் பெரும்பகுதியை இழந்தது. அங்கிருந்து துரத்தப்பட்ட இசுலாமிய அகதிகள் பெருந்திரளாக அனத்தோலியாவை அடைந்தனர். அவர் உற்ற துன்பமும் பெரிது. அதனை மறைப்பது வரலாற்று நேர்மையன்று. அவர்தம் சினமும் நிலத்தேவையும் ஆட்சியாளர்க்குக் கருவிகளாயின. 1913 சனவரியில் ஆட்சிக் கவிழ்ப்பினால் ஒற்றுமை முன்னேற்றக் கட்சி முழு அதிகாரத்தையும் கைக்கொண்டது. தலாத்து, என்வர், செமால் ஆகிய மூவர் ஆட்சியை நடத்தினர். பல இனத்தார் கூடி வாழும் பேரரசு என்னும் எண்ணம் தேய்ந்து, துருக்கியர்க்கே உரிய தாயகம் என்னும் எண்ணம் மேலோங்கியது.

இந்நிலையில் 1914 பிப்பிரவரி 8-ஆம் நாள், உருசியாவோடு இறுதியான சீர்திருத்த ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாயிற்று. கிழக்கு மாநிலங்களுக்கு ஐரோப்பிய மேற்பார்வையாளர் இருவர் அமர்த்தப்பட்டனர். ஒருவர் ஒல்லாந்தர், மற்றொருவர் நார்வே நாட்டினர். அவர்கள் பணி தொடங்குமுன் உலகப் போர் மூண்டது. ஒப்பந்தம் நீக்கப்பட்டது. சீர்திருத்தம் கேட்டோர் என்னும் பழி மட்டும் ஆர்மீனியர் மீது எஞ்சி நின்றது.

1915

1914-1915 குளிர்காலத்தில் என்வர் நடத்திய படை சரிக்கமிசில் உருசியரிடம் பெருந்தோல்வி அடைந்தது. உதுமானியப் படையில் இருந்த ஆர்மீனிய வீரர் படைக்கலம் களையப்பட்டுக் கூலிப்பணிக் குழுக்களிற் சேர்க்கப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் பின்னர்க் கொல்லப்பட்டனர். ஏப்பிரலில் வான் நகரத்து ஆர்மீனியர் தற்காப்பிற்காக எதிர்த்து நின்றனர். ஏப்பிரல் 24-ஆம் நாள் இரவு தொடங்கித் தலைநகரில் இருநூற்றுக்கு மேற்பட்ட ஆர்மீனிய அறிஞரும் தலைவரும் சிறைப்பிடிக்கப்பட்டனர்.

ஒரு மொழியின் இலக்கிய வாழ்வே அவ்விரவில் தாக்குண்டது. தானியேல் வருசான், சியாமாந்தோ, ரூபன் செவாக்கு ஆகிய கவிஞர் அவ்வாண்டே கொல்லப்பட்டனர். வருசானின் இறுதிப் பாடற்றொகுதி அவர் இறந்தபின் 1921-இல் வெளிவந்தது. ஆர்மீனிய நாட்டுப்பாடல்களைத் தொகுத்து ஆராய்ந்த இசைப்பேரறிஞர் கோமித்தாசு உயிருடன் திரும்பினார். ஆயின் அவர் உள்ளம் சிதைந்தது, படைப்புத்திறன் மீளவில்லை. பாராளுமன்ற உறுப்பினரும் சட்ட வல்லுநரும் சிறுகதை ஆசிரியருமான கிரிகோர் சொகராப்பு உர்பா அருகே கொலையுண்டார். அரசியலமைப்பின் மீது முழு நம்பிக்கை வைத்திருந்தவர் அவர்.

மே 27-ஆம் நாள் வகுக்கப்பட்ட இடைக்காலச் சட்டம், போர்க்காலத்தில் ஐயத்திற்குரிய மக்களை இடம்பெயர்க்கும் அதிகாரத்தைப் படைத்தலைவர்க்கு அளித்தது. அச்சட்டத்தில் ஆர்மீனியர் என்னும் பெயரே இல்லை. தலாத்தின் உள்துறை அமைச்சு தந்தி வழியாக மாநிலங்களை இயக்கியது. பெரும்பாலான ஊர்களில் ஆடவர் முதலிற் பிரிக்கப்பட்டு அண்மையிலேயே கொல்லப்பட்டனர். மகளிரும் முதியோரும் குழந்தைகளும் கால்நடையாகத் தெற்கு நோக்கி ஓட்டப்பட்டனர். சிறப்பு அமைப்பு எனப்பட்ட மறைப்படையினரும், விடுவிக்கப்பட்ட சிறைக்குற்றவாளிகளும், குலக்குழுக்களும் வழியில் அவர்களைத் தாக்கினர். பசியும் நோயும் எஞ்சியோரை அழித்தன. சிரியப் பாலையை அடைந்தோருட் பெருந்தொகையினர் 1916 கோடையில் தெயிர் அசோர் வட்டாரத்திற் கொல்லப்பட்டனர். இறந்தோர் தொகை ஆறு நூறாயிரம் முதல் பதினைந்து நூறாயிரம் வரை கணிக்கப்படுகிறது. ஏறத்தாழப் பத்து நூறாயிரம் என்பார் பலர்.

கொலையைத் தொடர்ந்து உடைமைச் சட்டம் வந்தது. 1915 சூன் 10-ஆம் நாளைய ஒழுங்குவிதிகளும் செப்டம்பர் 26-ஆம் நாளைய சட்டமும் ஆர்மீனியரின் வீடு, நிலம், கடை, பொருள் ஆகியவற்றைக் 'கைவிடப்பட்ட உடைமை' எனப் பெயரிட்டுக் குழுக்களிடம் ஒப்படைத்தன. அவற்றில் ஒரு பகுதி பால்கன் அகதிகளுக்கும், ஒரு பகுதி செல்வாக்குடையோர்க்கும் சென்றது. மேலவை உறுப்பினரும் இளந்துருக்கிய இயக்கத்தின் மூத்த தலைவருமான அகமது ரிசா அவையிலேயே இதனை எதிர்த்தார். உடையோர் தாமே விட்டுச் செல்லவில்லை, வலிந்து வெளியேற்றப்பட்டனர். ஆதலின் அப்பெயர் பொருந்தாது என்பது அவர் வாதம். ஒரு சொல்லின் பொருளைத் திரித்தே ஒரு மக்களின் உடைமையைக் கவர்ந்தமையை அவர் உணர்ந்திருந்தார். 1858-இல் பதிவேட்டின் வழித் தொடங்கிய நிலப்பறிப்பு 1915-இற் பதிவேட்டின் வழியே முடிவுற்றது எனலாம்.

ஆணையை மறுத்தோர்

மதப் பகையே காரணம் என்பார் கூற்றை மறுக்கும் வலிய சான்று, ஆணையை மறுத்த இசுலாமிய அலுவலர்களின் வரலாறு. அலெப்போவின் ஆளுநர் செலால் பே குடிபெயர்ப்பை எதிர்த்தமையால் கோனியாவிற்கு மாற்றப்பட்டார். அங்கும் இயன்றவரை ஆர்மீனியரைக் காத்தார். பின்னர்ப் பதவி இழந்தார். அங்காராவின் ஆளுநர் மசுகர் பே ஆணைக்கு இணங்காமையால் நீக்கப்பட்டார். குத்தாகியாவின் தலைவரும் கவிஞருமான பாயிக்கு அலி தம் ஆட்சிப் பகுதியினின்றும் ஆர்மீனியரை வெளியேற்றவில்லை. லிசே வட்டத்தின் அலுவலர் உசேன் நெசிமி மறுத்தமைக்காகவே கொல்லப்பட்டார். தெர்சிம் மலைக் குர்தியர் தப்பி வந்தோர் பலர்க்குப் புகலளித்தனர்.

இவர்தம் செயலினின்றும் இரண்டு உண்மைகள் பெறப்படும். ஒன்று, நிகழ்ந்தது மக்கள் வெறியின் தானாகிய வெடிப்பன்று. மறுக்கத்தக்க ஓர் ஆணை இருந்தது. மற்றொன்று, மறுத்தோர் நீக்கப்பட்டனர், இணங்கியோர் நிலைத்தனர். ஆட்சிப் பொறியில் நல்லோர் இருந்தும் பொறி நிற்கவில்லை. தனியொருவர் அருள் எத்துணைப் பெரிதாயினும் சட்டத்தின் இடத்தை அது நிரப்ப இயலாது.

முடிவுரை

1915 மே 24-ஆம் நாள் பிரித்தானியாவும் பிரான்சும் உருசியாவும் இக்கொலைகளை மாந்தரினத்திற்கும் நாகரிகத்திற்கும் எதிரான குற்றம் எனக் குறித்து, பொறுப்பாளரைத் தண்டிப்போம் என அறிவித்தன. போர் முடிந்தபின் 1919-இல் கான்சுடாண்டிநோபிளில் அமைந்த படைநீதிமன்றம், தப்பியோடிய தலாத்து முதலியோர்க்கு அவர் இல்லாத நிலையிலேயே மரண தண்டனை விதித்தது. ஆயின் அரசியற் காற்று திசை மாறியது. 1920-இன் செவ்ரே உடன்படிக்கை ஆர்மீனியாவை ஏற்றது. 1923-இன் லோசான் உடன்படிக்கையில் ஆர்மீனியர் என்னும் சொல்லே இடம்பெறவில்லை. தாளாலான கரண்டி மீண்டும் கரைந்தது.

1921-இல் பெர்லினில் தலாத்தைச் சுட்டுக் கொன்ற ஆர்மீனிய இளைஞர் சோகோமோன் தெகிலிரியன் வழக்கு மன்றத்தில் விடுதலை பெற்றார். இச்செய்தி இரபேல் லெம்கின் என்னும் போலந்து நாட்டுச் சட்ட மாணவரைச் சிந்திக்க வைத்தது. ஒருவனைக் கொன்றவனை விசாரிக்கச் சட்டம் இருக்க, ஓரினத்தைக் கொன்றவனை விசாரிக்கச் சட்டம் இல்லாமை ஏன் என அவர் வினவினார். 1944-இல் இனப்படுகொலை என்னும் பொருள் தரும் சொல்லை அவரே ஆக்கினார். 1948 திசம்பர் 9-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் அவை இனப்படுகொலையைத் தடுக்கும் உடன்படிக்கையை ஏற்றது. நாடுகள் பலவும் ஆர்மீனியர் அழிவினை அப்பெயராலேயே குறிக்கின்றன. துருக்கி அரசு அப்பெயரை ஏற்கவில்லை.

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. உதுமானியரின் பழைய காப்புமுறை சமன்மையற்றதாயினும், அதற்கென ஓர் ஒழுங்கு இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வொழுங்கு குலைந்தபோது, அதன் இடத்தில் அறிவிக்கப்பட்ட உரிமைகளுக்கு நீதிமன்றமும் காவலும் துணை நில்லவில்லை. 1839, 1856, 1878, 1895, 1914 என வாக்குறுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்பட்டன. ஒவ்வொன்றும் சிறுபான்மையோரின் எதிர்பார்ப்பையும் ஆள்வோரின் ஐயத்தையும் ஒருசேர வளர்த்தது. அயல்நாட்டு வல்லரசுகள் தம் நலனுக்கேற்ப வாக்களித்து, தம் நலனுக்கேற்பவே விலகின. இறுதியில் வரி, பதிவேடு, தந்தி, இடைக்காலச் சட்டம் ஆகிய ஆட்சியின் இயல்பான கருவிகளே அழிவின் கருவிகளாயின.

சிறுபான்மையோர் ஒரு நாட்டிற் பாதுகாப்பாக வாழ்கின்றனரா என்பதை அறிய, அவர்க்கு எழுதித் தரப்பட்ட வாக்குறுதிகளை எண்ணுதல் போதாது. தன் நிலத்தைப் பறித்தவன்மீது ஒரு குடியானவன் தன் ஊர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து வெல்ல இயலுமா என்பதே அளவுகோல். வான் நாட்டு ஆர்மீனியக் குடியானவர் 1872-இல் தம் பேராயர் வாயிலாகக் கேட்டதும் இதுவே.